கொள்ளுத் தண்ணியும் சூப்பும்: வடித்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

காங்கேயத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திருப்பூர் ரோட்டோரம் சூப்பு வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும். எவர்சில்வர் அண்டா, அடியில் கேஸ் அடுப்பு, பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கு. வாழைத்தண்டு, முருங்கைக் கீரை, காளான், கொள்ளு என்று அட்டையில் எழுதித் தொங்கும். குடிக்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். அரிசி மில்காரர், தேங்காய்க் களம் வைத்திருப்பவர், வாக்கிங் முடித்து வரும் ரிட்டயர்டு வாத்தியார், சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்ட மளிகைக் கடைக்காரர். 'ராத்திரிக்கு லைட்டா ஏதாச்சும் போதுமுங்க' என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான வாக்கியம். பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கும்போது இறங்குகிற பெண்கள் இந்த வண்டியைத் தாண்டிப் புரோட்டாக் கடைக்குப் பார்சல் வாங்கப் போவார்கள். ஒண்ணரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு 'லைட்டு' எதற்கு?

இந்த 'லைட்டு' என்கிற சொல்லின் மீதுதான் எனக்குச் சந்தேகம். வீட்டிலேயே எளிதில் செரிக்கிற, சத்தான காய்கறிச் சூப்பு செய்வது எப்படி என்று வாரப் பத்திரிகைகளின் சமையல் பக்கங்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சமையல் குறிப்பு என்கிற பிரதி வரலாறே இல்லாதது போன்ற ஒரு தோற்றம் காட்டும். 'தேவையான பொருட்கள்' என்று அது தொடங்கும்போதே அந்தப் பொருட்கள் யார் வீட்டில் இருந்தன, யார் வீட்டில் இல்லை என்கிற கேள்வி அழிக்கப்பட்டுவிடுகிறது. 'வடிகட்டி எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி வரும். வடிகட்டியில் தங்கியது எங்கே போனது, அதை யார் தின்றார்கள் என்று எந்தக் குறிப்பும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை அந்த வடிகட்டியைப் பற்றியது.

எங்கள் தோட்டத்து வீட்டில் வடிகட்டி கிடையாது. மூங்கில் தட்டைக் கவிழ்த்துத்தான் வடிப்பார்கள். கட்டுத்தறியில் நின்ற எருதுகளுக்காக ஆத்தா பெரிய மண்தாழியில் கொள்ளு வேகப் போடுவாள். வெந்ததும் கொள்ளு மாட்டுக்குப் போகும். பழுப்பு நிறத்தில் கெட்டியாக இறங்கும் தண்ணியில் ஒரு பங்கு வீட்டுக்கு. புளி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு ரசம். மிச்சத்துக்கு உப்பும் மிளகாயும் போட்டுப் பட்டி வாசலில் வைத்துவிடுவாள். பண்ணையத்தில் இருந்த சக்கிலிய வீட்டு ஆட்கள், இன்றைக்கு நாம் அருந்ததியர் என்று எழுதுகிறோம், அதைக் களிக்கு ஊற்றிக்கொண்டு போவார்கள். ஏந்திய சட்டியில் கை படாமல் உயரத்தூக்கி ஊற்றுவாள் ஆத்தா. இதை நான் சின்ன வயதில் பார்த்தேனா, வீட்டில் பேசக் கேட்டுப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் வரிசை மனதில் இருக்கிறது. கொள்ளு எருதுக்கு. முதல் தண்ணி கவுண்டர் வீட்டுக்கு. மிச்சத் தண்ணி ஆளுக்கு.

காங்கேயம் காளையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பழையகோட்டைப் பட்டக்காரர் அந்த இனத்தைப் பேணி வளர்த்ததைக் கால்நடை நூல்கள் சொல்கின்றன. கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் நிறைந்த கொரங்காடு என்று அதன் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது அந்தத் திமில் ஒரு அடையாளச் சின்னமாகவே ஆனது. அந்தத் திமிலுக்குள் எத்தனை மூட்டைக் கொள்ளு போயிருக்கிறது, அதை விதைத்து அறுத்து அடித்தவர்கள் அதன் தண்ணியை மட்டும் குடித்தார்கள் என்கிற செய்தி சின்னத்துக்குள் அடங்கவில்லை. அடங்காது. சின்னம் என்றால் அப்படித்தான்.

கொள்ளு எப்போது தீவனமாயிற்று? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உடனே புறநானூறு 335ஆம் பாட்டு ஞாபகம் வரும். மாங்குடி கிழார் பாடியது. வரகு, தினை, கொள், அவரை இந்த நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்கிறது அந்தப் பாட்டு. அதே மூச்சில் துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்த நான்கைத் தவிர வேறு குடியும் இல்லை என்கிறது. உணவையும் குடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிய பாட்டு இது. வகுப்பில் எங்களுக்கு இதை மறக்குடியின் எளிமைக்கு உதாரணமாக நடத்தினார்கள். நானும் அப்படித்தான் தேர்வில் எழுதினேன். இன்று படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. நெல் அந்தப் பட்டியலில் இல்லை. பின்னால் வந்த வரலாற்றில் அந்த நான்கு குடிகளில் சிலவற்றை ஊருக்கு வெளியே தள்ளிய அதே சமூகம், அந்த நான்கு தானியங்களில் சிலவற்றைத் தட்டுக்கு வெளியே தள்ளியது. கொள்ளு மாட்டுக்கும் குதிரைக்கும் என்றானது. இரண்டு தள்ளலும் ஒரே நேரத்தில் நடந்தன என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் படிக்க மனசு ஒப்பவில்லை.

குதிரை என்றதும் இங்கிலீஷ்காரன் வந்துவிடுகிறான். கொள்ளுக்கு அவன் வைத்த பெயரே குதிரைப் பயறு. மதராஸ் ராஜதானியில் அவனது குதிரைகளுக்கு முக்கியத் தீவனம் வேகவைத்த கொள்ளு. அந்த ராஜதானியின் குதிரைப்படையில் இருந்த கென்னி ஹெர்பர்ட் என்கிற அதிகாரி 'வைவர்ன்' என்கிற புனைபெயரில் 1878இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். மதராஸில் இருக்கும் வெள்ளைக்கார வீடுகளுக்கான புத்தகம் அது. அதில் 'முல்லிகடானி' சூப்பு பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் மிளகு, தண்ணி என்கிற இரண்டு தமிழ்ச் சொற்கள் என்று சரியாகவே விளக்குகிறார். சுதேசிகள் குடிப்பது புளி, மிளகாய், பூண்டு, கடுகு, மிளகு போட்டுக் கொதிக்கவைத்த வெறும் தண்ணி என்றும், பிரெஞ்சுக்காரர்கள் விரத நாளில் வைக்கிற மெலிந்த சூப்பு வகையைச் சேர்ந்தது என்றும் சொல்கிறார். அப்புறம் அதை 'மேம்படுத்துகிற' வேலை. கறிச்சாறு சேர்க்க வேண்டும், கெட்டியாக்க வேண்டும், தேங்காய்ப் பாலோ வேறு பாலோ விட வேண்டும். மெலிந்தது நம்முடையது, அதற்குச் சதை வைப்பது அவர் வேலை. அந்தப் புத்தகம் முழுக்கச் சமையற்காரனுக்கு ஒரே பொதுப்பெயர்: ராமசாமி. எந்த ராமசாமியிடம் அவர் கற்றுக்கொண்டார் என்று தெரியாது. (புத்தகம் வந்த அடுத்த வருஷம், 1879இல், ஈரோட்டில் ஒரு ராமசாமி பிறந்தார். அவர் யாருக்கும் சமைத்துப் போடவில்லை.)

அதற்குள் மிளகுத் தண்ணிக்கு ஆங்கிலத்தில் நூறு வருஷ வாழ்வு முடிந்திருந்தது. யூலும் பர்னலும் 1886இல் தொகுத்து வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, 1784ஆம் ஆண்டுக்குரிய ஒரு பாட்டை இந்தச் சொல்லுக்கு மேற்கோள் காட்டுகிறது. ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட கப்பற்படைக்காரன் ஒருவனுடையது. பெங்களூர் ஜெயிலில் தங்களுக்கு வாய்த்தது மிளகுத் தண்ணியும் கஞ்சியும்தான் என்கிற புலம்பல் அது. ஆங்கில விருந்துகளில் முதல் கோப்பையாக வைக்கப்பட்ட ஒரு சூப்பு, ஆங்கில எழுத்துக்குள் நுழைந்தது ஜெயில் சாப்பாடாக. பிற்பாடு மதராஸ் ராஜதானி அதிகாரிகளுக்கே 'முல்' என்று பட்டப்பெயர் விழுந்தது, மிளகுத் தண்ணி குடிக்கிறவன் என்று கேலியாக. இந்தப் பெயர் மாற்றங்களை எல்லாம் பண்பாட்டுக் கலப்பு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. கலப்புதான், மறுக்கவில்லை. கலக்கும்போது கரண்டி யார் கையில் இருந்தது என்று கேட்பது நம் வேலை.

ஏனென்றால் 1878 சாதாரண வருஷம் இல்லை. அந்தப் புத்தகம் அச்சேறிய காலம் தாது வருஷப் பஞ்சத்தின் வால். 1876இல் மழை பொய்த்தது. கோயமுத்தூர் ஜில்லாவும் மாட்டிக்கொண்டது. நம் காங்கேயம் அன்று அந்த ஜில்லாவில். 1877 தொடக்கத்தில் வைசிராயின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்தார். அதற்குக் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், கூடவே காய்கறியும் பருப்பு மாதிரிப் புரதமும் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1877 மார்ச்சில் அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது: ஒண்ணேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

ஒன்றரை அவுன்ஸ் என்பது நாற்பது கிராம் சொச்சம். ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்காக ஒரு ஆணையர் கோப்புக்கு மேல் கோப்பு எழுத வேண்டியிருந்தது. உடல் எவ்வளவில் உயிரோடிருக்கும், எவ்வளவில் வேலை செய்யும் என்று அளந்து பார்க்கிற அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் நிறைய எழுதினோம். அதற்குப் பாரிஸ் ஆஸ்பத்திரிகளுக்கும் ஜெயில்களுக்கும் போக வேண்டியதில்லை. கோயமுத்தூர் ஜில்லா நிவாரண முகாம் போதும். இந்தப் பக்கம் ஒன்றரை அவுன்ஸுக்கு மல்லுக்கட்டு, அந்தப் பக்கம் மிளகுத் தண்ணியைக் கெட்டியாக்க எவ்வளவு கறிச்சாறு விடலாம் என்கிற யோசனை. இரண்டும் ஒரே ராஜதானி, ஏறக்குறைய ஒரே வருஷம். கென்னி ஹெர்பர்ட் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர்ச் சமையலைக் கவனித்து எழுதிய வெள்ளைக்காரர்களில் அவர் கூர்மையானவர். கூர்மை எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

டெம்பிளுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். மெலிந்த சூப்பை ஏழைக்குக் கொடுத்து அதிலேயே சத்து இருக்கிறது என்று நிறுவுவது ஐரோப்பாவில் ஒரு தனி விஞ்ஞானமாகவே வளர்ந்தது. 1790களில் மியூனிக் நகரத்து ஏழைகள் இல்லத்துக்காக ரம்ஃபோர்டு பிரபு ஒரு சூப்பு வகுத்தார். பார்லி, பட்டாணி, பின்னர் உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டி, வினிகர், உப்பு, நிறையத் தண்ணி. இவ்வளவு குறைவான தானியத்தில் இவ்வளவு பேர் பசியாறுகிறார்களே என்று வியந்த அவர், தண்ணியே கொதிக்கும்போது உணவாக மாறுகிறது என்று கோட்பாடு கண்டார். 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கிளப் ஒன்றின் புகழ்பெற்ற சமையற்காரர் அலெக்ஸி சோயர் டப்ளினில் சூப்புக் கூடம் திறந்தார். அவருடைய மலிவுக் குறிப்பில் இரண்டு காலன் தண்ணிக்கு, அதாவது ஒன்பது லிட்டருக்கு, கால் பவுண்டு மாட்டிறைச்சி. இது உயிர் காக்காது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அப்போதே கண்டித்தது. தண்ணியில் சத்து இருக்கிறது என்று சொல்கிறவன் எப்போதும் தட்டில் கெட்டியாக ஒன்று வைத்திருக்கிறவன்.

கிளாடு லெவிஸ்ட்ராஸ் 1965இல் எழுதிய சமையல் முக்கோணம் பற்றிய கட்டுரை நம் சிறுபத்திரிகை வட்டத்தில் அடிக்கடி பேசப்படுவது. சுடுவதில் இறைச்சியின் சாறு வீணாகிறது, அதனால் அது பிரபுக்களின் ஆடம்பரம். வேகவைப்பதில் சதையும் சாறும் இரண்டும் தங்குகின்றன, அதனால் அது எளியவர்களின் சிக்கனம் என்று அவர் பிரிக்கிறார். அழகான பிரிவு. ஆனால் அவரது பானையில் வேகவைத்தல் என்பது ஒரே செயல். எங்கள் பானையில் அது இரண்டு செயல்: வேகவைத்தல், வடித்தல். வெந்த சதை ஒரு வாசலுக்கும் சாறு இன்னொரு வாசலுக்கும் பிரிந்து போகிற ஒரு சமூகத்தில் முக்கோணத்துக்கு இன்னும் ஒரு முனை வேண்டும். சாதி அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு சொல் விளையாட்டையும் முடித்துவிடலாம். 'சூப்' என்பது வடமொழி 'சூப'த்திலிருந்து போனது, அதனால் சூப்பே நம்முடையதுதான் என்று மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒப்புமை தவிர அதில் ஒன்றுமில்லை. ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியே, குழம்பில் தோய்த்த ரொட்டித் துண்டைக் குறித்த ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. நம் பக்கம் சாறு, ரசம், தண்ணி என்று மூன்று சொற்கள் புழங்கின. பிள்ளை பெற்றவளுக்குக் கொங்கில் வைக்கிற செலவு ரசம் இன்னும் பெயரோடு இருக்கிறது. மளிகைச் சாமானுக்கு எங்கள் ஊரில் செலவு என்றுதான் பெயர், அது காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதால். அடுப்பே பற்ற வைக்காமல் கரைக்கிற பச்சைப் புளி ரசமும் இருக்கிறது. ஒன்று செலவு உள்ள ரசம், மற்றது செலவும் விறகும் இல்லாத நாளின் ரசம்.

தண்ணி என்று சொன்னபிறகு நொய்யலைச் சொல்லாமல் நகர முடியாது. சூப்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணிதானே. காங்கேயத்துக்கு வடக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள், பாசனத்துக்காக. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் விட்ட கழிவு அங்கே தேங்கியது. சுற்றியிருந்த கிணறுகள் உப்பேறின. தென்னையும் வெள்ளாமையும் போயின. விவசாயிகள் நீதிமன்றம் போய், உத்தரவுக்கு மேல் உத்தரவு வந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு சுத்திகரிப்பு ஏற்பாடுகளோடு படிப்படியாகத் திறந்தார்கள். அணையடிக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: 'அந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வேகாதுங்க தம்பி. எத்தன நேரம் எரிச்சாலும் கடுக்குனே கெடக்கும்.' உப்பும் கடினத்தன்மையும் ஏறிய தண்ணியில் பயறு வேகாது என்பது வேதியியல். கால்சியம் பயறின் தோலை இறுக்கிவிடுகிறது. கொள்ளு வேகாத ஊரில் கொள்ளுத் தண்ணியும் கிடையாது. ஏற்றுமதியான பனியனின் வெள்ளை நிறத்துக்கு அடியில் வேகாத பருப்பு ஒரு பானை இருக்கிறது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு சூப்பு குடிக்காமல் இருக்கப் போகிறோமா என்றால் இல்லை. எனக்கே அந்த ருசி பிடிக்கும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சூப்பு வண்டியில் எழுதி வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு அந்தப் பழமொழிக்கு மேல் உறுதியான சாட்சியை நான் பார்த்ததில்லை. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது என்று உணவு அட்டவணைகள் சொல்கின்றன. துவரைக்குச் சமானம். இளைத்தவனுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டியது அது. புரதத்தில் பெரும் பங்கு வடித்த தண்ணிக்கு வராது, பயறிலேயே தங்கும். எருது அதனால்தான் கொழுத்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, முன்பு எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். அவருடைய பேத்தி திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். கொள்ளு ரசம் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். 'உங்க ஆத்தா ஊத்துன தண்ணியவா கேக்கறீங்க, நாங்க எங்கூட்டுல வெக்கறதயா?' வீட்டில் வைப்பது என்றேன். அவர் சொன்னதை என் அடுப்பில் செய்து பார்த்த கணக்கோடு தருகிறேன்.

நாலு பேருக்கு அரை ஆழாக்குக் கொள்ளு. வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒரு லிட்டர் தண்ணியில் குக்கரில் ஆறேழு விசில் விட வேண்டும். உப்பை வெந்தபிறகுதான் போட வேண்டும். வெந்ததில் பாதியை மத்தால் கடைந்து அந்தத் தண்ணியிலேயே விட்டுவிட வேண்டும். கெட்டிக்கு அதுவே போதும், வண்டிக்காரர்கள் போடுகிற சோளமாவு வேண்டாம். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு அஞ்சு பல், மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன் தட்டிப் போட்டு, சுரைக்காயோ பீர்க்கங்காயோ ஒரு கை நறுக்கிப் போட்டுக் கொதிக்க விட வேண்டும். முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி, இறக்குவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால். அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் கீரையில் இருக்கிற சி வைட்டமின் குறைந்துகொண்டே போகும். 'புளி நெறைய ஊத்தாதீங்க, கீரை கசக்கும்' என்றார் பாட்டி. நான் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். கசந்தது.

மிச்சம் பாதிக் கொள்ளு வடிதட்டில் இருந்தது. கட்டுத்தறி பத்து வருஷமாகக் காலி, எருது இல்லை. அம்மா, 'இத என்ன சாமி பண்றது, ஆட்டுக்காரனுக்குக் குடுத்தர்லாமா?' என்றாள். வரமிளகாய் ரெண்டு, பூண்டு, கொத்தமல்லி விதை கொஞ்சம் வைத்து ஆட்டிக் கொடுக்கச் சொன்னேன். சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம், சூப்பைத் தனியாக டம்ளரில் ஊற்றிக்கொண்டு.